பெர்சி கிரெய்ஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ கற்றுக்கொள்கிறவர்கள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர்கள், அப்புறம் மேற்கத்திய செவ்வியல் இசையைச் சும்மா கேட்டு ரசிக்கிறவர்கள் எனப் பலரும் கிரெய்ஞ்சரைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவருடைய பிரபலமான பியானோ பாட்டு 'கன்ட்ரி கார்டன்ஸ்' வாசித்து முடித்ததும் "யார் இவர்?" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு சாட்டை, எலும்புக்கூடு என்று எங்கெங்கோ போய் நிற்கும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யார் இந்த பெர்சி கிரெய்ஞ்சர்? ரெண்டு வரியில சொல்லுங்க.

1882 ஜூலை 8 அன்று ஆஸ்திரேலியாவில், மெல்பர்னை ஒட்டிய பிரைட்டனில் பிறந்தவர். 1961 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவில், நியூயார்க் அருகே வைட் பிளெய்ன்ஸில் இறந்தார். பியானோ கலைஞர், ஆசிரியர், இசையமைப்பாளர், நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித்தேடிச் சேகரித்தவர்.

அவரையே கேட்டிருந்தால் "நான் இசையமைப்பாளர்" என்று மட்டும் சொல்லியிருப்பார். ஆனால் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது பியானோதான். இந்த இழுபறியைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதி பதில்கள் தானாகவே புரிந்துவிடும்.

அவர் ஆஸ்திரேலியரா, இங்கிலாந்துக்காரரா, அமெரிக்கரா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கே.

போட்டிருப்பது எல்லாமே ஓரளவு சரிதான். பன்னிரண்டு வயதுவரை மெல்பர்ன். 1895-இல் அம்மாவோடு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனார். 1901 முதல் 1914 வரை லண்டன். அதற்குப் பிறகு சாகும்வரை அமெரிக்கா. 1918-இல் அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் தன்னை ஆஸ்திரேலிய இசையமைப்பாளர் என்றுதான் விடாமல் சொல்லிக்கொண்டார். தன் பொருள்களைப் பாதுகாக்க அருங்காட்சியகம் கட்டியது மெல்பர்னில், உடல் அடக்கம் ஆனது அடிலெய்டில். குடியுரிமைக் காகிதம் எதைச் சொன்னாலும், மனிதர் தன்னை எங்கே சேர்த்துக்கொண்டார் என்பதில் குழப்பமில்லை.

ஸ்கூலுக்கே போகலையாமே, உண்மையா? அப்ப யார்கிட்ட கத்துக்கிட்டார்?

ஏறக்குறைய உண்மை. முறையாகப் பள்ளிக்குப் போனது மூன்று மாதம்தான். மற்றதெல்லாம் வீட்டில், அம்மா ரோஸ் மேற்பார்வையில் நடந்தது. பியானோவின் முதல் பாடமும் அவரிடம்தான். தினமும் இரண்டு மணிநேரப் பயிற்சி, அதில் தளர்வே கிடையாது. ஓவியம் கற்றுக்கொடுக்க ஃபிரெடெரிக் மெக்கபின் வந்தார். ஆஸ்திரேலிய ஓவிய வரலாற்றில் பெரிய பெயர் அது. படிக்கக் கிடைத்தவற்றில் பையனுக்கு மிகவும் பிடித்துப்போனவை ஐஸ்லாந்தின் பழைய வீரக்கதைகள்.

பிறகு மெல்பர்னில் லூயி பாப்ஸ்ட் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். 1894 ஜூலையில் மெசானிக் ஹாலில் முதல் பொதுக் கச்சேரி. அடுத்த வருடம் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் கான்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியில் ஜேம்ஸ் குவாஸ்டிடம் பியானோ, இவான் குனோரிடம் இசையமைப்பு. அங்கே கூடப் படித்த சிரில் ஸ்காட், ரோஜர் குவில்டர், பால்ஃபர் கார்டினர், நார்மன் ஓ'நீல் ஆகியோரையும் இவரையும் சேர்த்து 'ஃபிராங்க்ஃபர்ட் குழு' என்று இன்றும் சொல்வார்கள்.

1903-இல் இத்தாலியப் பியானோ மேதை புசோனி இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பெர்லினுக்கு வா, சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட்டார். போனார், ஆனால் ஒத்துப்போகவில்லை. புசோனி எதிர்பார்த்தது சொன்னதைக் கேட்டு நடக்கும் பக்தனை. இவர் அந்த ரகமில்லை.

அப்பா?

ஜான் கிரெய்ஞ்சர், கட்டடக்கலைஞர். மெல்பர்னில் யாரா நதியின் மேல் இருக்கும் பிரின்சஸ் பாலம் அவர் வடிவமைத்ததுதான். குடிப்பழக்கம், வேறு பெண்களின் தொடர்பு. அவரிடமிருந்து மனைவிக்குச் சிஃபிலிஸ் நோய் தொற்றியது. 1890-இல் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். இந்த நோய் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அம்மாவைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

லண்டன்ல பெரிய ஸ்டாரா இருந்தாரா?

ஆரம்பத்தில் இல்லை. பணக்காரர்கள் வீட்டு வரவேற்பறையில் வாசிப்பது, வீட்டுக்கு வீடு போய்ப் பாடம் எடுப்பது, பாடகர்களுக்குத் துணையாக வாசிப்பது என்றுதான் ஓடியது. 1902-இல் புகழ்பெற்ற பாடகி அடெலினா பட்டியின் குழுவோடு இங்கிலாந்தின் ஊர்களைச் சுற்றினார். பிறகு ஆஸ்திரேலியப் பாடகி ஏடா கிராஸ்லியோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று நீண்ட பயணம். 1908-09இல் மறுபடியும் அவரோடு.

இத்தனை வருடமும் இசையமைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் கிட்டத்தட்ட எதையும் வெளியிடவில்லை. பியானோ கலைஞனாக முதலில் நிலைத்துவிட்டு அப்புறம் சொந்தச் சரக்கை எடுக்கலாம் என்பது கணக்கு. 1911-இல் ஷாட் நிறுவனம் அவர் இசையைப் பதிப்பிக்கத் தொடங்கியது. 1912-இல் லண்டனில் அவர் படைப்புகள் மட்டுமே கொண்ட ஒரு கச்சேரி நடந்தது. அதற்குப் பிறகுதான், பியானோ வாசிக்கிற அந்த ஆளா இதெல்லாம் எழுதுகிறார் என்று பலருக்கும் தெரிந்தது.

கிரீக்கோட சிஷ்யர்னு சொல்றாங்களே?

சிஷ்யர் இல்லை. நார்வேயின் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கை 1906-இல் லண்டனில் சந்தித்தார். கிரீக்குக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. தன் நாட்டு இசையை இவ்வளவு புரிந்து வாசிக்க எங்கிருந்தோ ஓர் ஆஸ்திரேலியன் வர வேண்டியிருந்ததே என்று அவருக்கு ஆச்சரியம். 1907 கோடையில் பெர்கன் அருகே இருந்த தன் வீட்டுக்கு அழைத்தார். சில நாள்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கிரீக்கின் பியானோ கான்சர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒரு பியானோ வாசிக்கும் பெரிய படைப்பு) வரி வரியாகப் பார்த்தார்கள். அந்த அக்டோபரில் லீட்ஸ் இசைவிழாவில் கிரீக் நடத்த, கிரெய்ஞ்சர் வாசிப்பதாக ஏற்பாடு.

செப்டம்பர் 4 அன்று கிரீக் இறந்துவிட்டார். விழாவில் இசையமைப்பாளர் ஸ்டான்ஃபர்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, கிரெய்ஞ்சர் வாசித்தார். அன்றிலிருந்து அந்தக் கான்சர்ட்டோ அவர் முத்திரை ஆகிவிட்டது. ஷெர்மர் பதிப்பகத்துக்காக அவர் குறிப்புகள் சேர்த்துச் செம்மை செய்த பிரதியை இன்றும் மாணவர்கள் வைத்து வாசிக்கிறார்கள். கிரீக்கின் விருப்பம் இது என்று அவர் குறித்திருக்கும் இடங்களை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த வீட்டில், அந்த மனிதர் பக்கத்தில் இருந்து கேட்டு வந்தவை அவை.

கன்ட்ரி கார்டன்ஸ் அவர் எழுதினதா, இல்ல நாட்டுப்புற ட்யூனா?

மெட்டு நாட்டுப்புறம். இங்கிலாந்தின் மாரிஸ் நடனத்துக்கானது. செசில் ஷார்ப் சேகரித்து வைத்திருந்ததை கிரெய்ஞ்சருக்குக் கொடுத்தார். பியானோவுக்கு அதை அமைத்தது, இன்று நாம் கேட்கும் ஸ்வரக்கூட்டுகள், துள்ளல், உள்குரல்கள் எல்லாம் கிரெய்ஞ்சர். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது, 1918-இல் முடித்தார். வந்த வேகத்தில் பியானோ நோட்ஸ் விற்பனையில் சாதனை படைத்தது.

கடைகளில் கிடைப்பதில் பாதி, வேறு யாரோ எளிதாக்கியது. தேர்வுக்கோ மேடைக்கோ எடுத்தால் அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே யார் பதிப்பு என்று பாருங்கள்.

அவ்ளோ சந்தோஷமான பாட்டு. அதை அவரே வெறுத்தாராமே?

அலுத்துப்போனார் என்று சொல்வது பொருத்தம். எங்கே கச்சேரி செய்தாலும் கடைசியில் அதைக் கேட்டார்கள். முப்பது நாற்பது வருடம் உழைத்த பெரிய படைப்புகளை யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்துக் கிராமத்துத் தோட்டத்தில் பூவை விடக் காய்கறிதான் அதிகம், அதனால் நான் வாசிக்கும்போது டர்னிப் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சபையில் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

1950 வாக்கில் நடத்துனர் ஸ்டோகோவ்ஸ்கி அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதித்தரக் கேட்டார். கிரெய்ஞ்சர் எழுதிக்கொடுத்த வடிவத்தைக் கேளுங்கள். எதிர்பாராத இடத்தில் கோணல் ஸ்வரங்கள், திடீர் உறுமல்கள். தன் பாட்டையே கேலி செய்கிறாரோ என்று தோன்றும். எனக்கென்னவோ மூல வடிவத்தை விட அதுதான் பிடிக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தப் பாட்டின் ராயல்டிதான் அவருடைய விசித்திரமான திட்டங்கள் பலவற்றுக்கும் பணம் கொடுத்தது.

போனோகிராஃபைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனாராமே, எதுக்கு? காதால கேட்டு எழுதினா போதாதா?

மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1905-இல் லிங்கன்ஷர் மாவட்டத்தின் பிரிக் என்ற சிற்றூரில் நடந்த இசைப்போட்டியில் ஜோசஃப் டெய்லர் என்ற முதியவர் பாடக் கேட்டார் கிரெய்ஞ்சர். எழுபதைத் தாண்டிய வயதிலும் குரலில் அவ்வளவு நயம். கேட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் பிரச்சினை புரிந்தது. இந்தப் பாடகர்கள் ஒவ்வொரு அடியிலும் காலத்தை நீட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ஸ்வரத்தை வளைக்கிறார்கள், ஒரே பாட்டின் இரண்டாம் சரணத்தை முதல் சரணம் போலப் பாடுவதே இல்லை. ஏட்டில் எழுதுகிறவர் இதையெல்லாம் தட்டி நேராக்கி நாலு நாலு தாளமாக அடுக்கிவிடுகிறார். எழுதி வருவது பாட்டின் சராசரி. பாடியவர் அதில் இல்லை.

அதனால் 1906-இல் மெழுகு உருளையில் பதியும் போனோகிராஃபோடு திரும்பிப் போனார். இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாடலை இப்படி முறையாகப் பதிவு செய்ததில் அவர் முன்னோடி. உருளையை மெதுவாகச் சுழலவிட்டு, நெளிவுகளை விடாமல் எழுதினார். அவர் எழுதிய பக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாளக் கணக்கு. சக சேகரிப்பாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு நுணுக்கம் எதற்கு, மெட்டு போதாதா என்றார்கள். கமகத்தை விட்டுவிட்டு ராகத்தை எழுதினால் என்ன மிஞ்சும் என்று நம்மவர்களிடம் கேட்டால், கிரெய்ஞ்சர் பக்கம்தான் பேசுவார்கள்.

1908-இல் கிராமஃபோன் கம்பெனி ஜோசஃப் டெய்லரை லண்டனுக்கு வரவழைத்துப் பதிவு செய்து தட்டுகளாக வெளியிட்டது. அவர் பாடிய 'பிரிக் ஃபேர்' பாடலை கிரெய்ஞ்சர் பாடகர் குழுவுக்கு அமைத்தார். அதைக் கேட்ட இசையமைப்பாளர் நண்பர் டீலியஸ் அதே மெட்டில் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு பெரிய படைப்பை எழுதி கிரெய்ஞ்சருக்கே சமர்ப்பித்தார். முப்பது வருடம் கழித்து, 1937-இல், அந்தப் பழைய பாடல்களை வைத்து கிரெய்ஞ்சர் பேண்டுக்காக எழுதியதுதான் 'லிங்கன்ஷர் போசி'. உலகெங்கும் காற்றிசை பேண்டுகளுக்கு இன்றும் அது ஓர் உரைகல். அதில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பாடகரின் உருவப்படம். மெட்டோடு அவர் பாடும் விதமும் சேர்ந்தது. தாளக்கட்டே இல்லாமல் நடத்துனர் இஷ்டத்துக்கு விட்டிருக்கும் பகுதி ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

முதல் உலகப் போருக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டு ஓடிட்டாரா?

1914-இல் போர் தொடங்கிய சில வாரங்களில் கப்பலேறினார். அம்மாவின் உடல்நிலை என்று காரணம் சொன்னார். லண்டன் நண்பர்கள் பலர் கோழை என்றார்கள். நல்ல பெயர் எடுக்கும் முதல் ஆஸ்திரேலிய இசையமைப்பாளனாக வேண்டும், அதற்கு முன் செத்துவிடக் கூடாது என்பதுதான் எண்ணம் என்று பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொன்னார். ஆக, குற்றச்சாட்டில் பாதியை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

அமெரிக்காவில் 1915-இல் முதல் கச்சேரியிலேயே நியூயார்க் அவரைத் தூக்கிவைத்துக்கொண்டாடியது. 1917-இல், புகழின் உச்சியில், போய் ராணுவ பேண்டில் சேர்ந்துகொண்டார். பியானோவுக்கு அங்கே வேலையில்லை. சாக்ஸஃபோனும் ஓபோவும் ஊதினார். 1919 தொடக்கத்தில் வெளியே வந்தார். காற்றிசைக் கருவிகள் மேல் அவருக்கு இருந்த காதல் முற்றியது அங்கேதான்.

நிஜமாவே டீச்சரா இருந்தாரா, இல்ல சும்மா பட்டமா?

நிஜமாகவே. லண்டனில் வீட்டுப் பாடம் எடுத்ததை மேலே சொன்னேன். அமெரிக்காவில் 1919 முதல் சிகாகோ மியூசிக்கல் காலேஜின் கோடை வகுப்புகளில் பல வருடம் பியானோ சொல்லிக்கொடுத்தார். 1932-33இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவர். 1937 முதல் 1944 வரை மிச்சிகனில் இன்டர்லோகன் கோடை முகாமில் பிள்ளைகளோடு.

நியூயார்க்கில் அவர் எடுத்த பாடம் வேறு யாரும் எடுக்காதது. ஐரோப்பிய இசையை மட்டும் இசை என்று சொல்ல மாட்டேன் என்று ஜாவா, பாலினேசியா, ஆப்பிரிக்கா என எல்லா இடத்துப் பதிவுகளையும் கொண்டுவந்தார். 1932 அக்டோபரில் ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனையும் அவர் குழுவையும் வகுப்புக்கே அழைத்து வாசிக்கவைத்தார். ஜாஸ் என்றால் கல்விக்கூடங்கள் முகம் சுளித்த காலம் அது. பாக், டீலியஸ் பெயர்களோடு எலிங்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டார். பல்கலைக்கழகச் சூழல் அவருக்கு ஒட்டவில்லை. கௌரவ டாக்டர் பட்டம் வந்தபோதும், என் இசை கல்வி கற்காததால் விளைந்தது என்று மறுத்தவர்.

இன்டர்லோகனில் அவர் செய்ததுதான் ஆசிரியராக அவருடைய நல்ல முகம் என்பேன். பாக்கின் ஒரு டொக்காட்டாவை மூன்று பியானோவுக்கு அமைத்தார். ஆள் அதிகமிருந்தால் ஒவ்வொரு பகுதியையும் எத்தனை பியானோவில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். தனியாக அறையில் அடைந்து பயிற்சி செய்யும் பியானோ மாணவர்களுக்கு, அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு வாசிக்கும் பழக்கமே வருவதில்லை என்பது அவர் குறை. இன்றைக்கும் அது உண்மைதான். நம் ஊரிலும் கிரேடு எக்சாம் மேல் எக்சாம் எழுதி முடித்த பிள்ளைகள் பலர் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பக்கம் வாசித்திருக்க மாட்டார்கள்.

அவர்கிட்ட படிச்சு பெரிய ஆளா வந்தவங்க யாரு?

பியானோ மேதைகள் ஃபிரான்ஸ் லிஸ்ட் போல, ஷ்னாபல் போல நீண்ட சீடர் வரிசை கிடையாது. கோடை வகுப்பு ஆசிரியருக்கு அது அமைவதும் கடினம். ஆனால் திறமையைக் கண்டால் கண்டுகொள்வார். 1926-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏழைக் குடும்பத்துப் பெண் ஐலீன் ஜாய்ஸ் வாசிப்பதைக் கேட்டார். இந்தப் பெண்ணை எப்படியாவது வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புங்கள் என்று பெர்த் மக்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நியூயார்க்கில் இருந்த ஆஸ்திரேலிய ஆசிரியர் எர்னஸ்ட் ஹட்செசனிடம் போகட்டும் என்பது அவர் யோசனை. அந்தப் பெண் போனது ஜெர்மனியின் லைப்சிக்குக்கு. பின்னால் லண்டனை ஆண்ட பியானோ கலைஞர் ஆனார்.

அவர் நோட்ஸைப் பார்த்தாலே பயமா இருக்கு. என் பொண்ணுக்கு கை சின்னது. வாசிக்க முடியுமா?

முடியும். முதலில், பக்கம் கருப்பாக இருப்பதற்குக் காரணம் ஸ்வரங்கள் மட்டும் இல்லை, குறிப்புகள். எந்த விரல், எந்த ஸ்வரம் முன்னால் கேட்க வேண்டும், பெடலை எவ்வளவு மிதிக்க வேண்டும் (முழுதாகவா, பாதியா), நடுப் பெடல் எங்கே என்று எல்லாம் எழுதியிருப்பார். அது பயமுறுத்த இல்லை. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத மாணவருக்கு எழுதியது போல நினைத்துப் படியுங்கள். பெரிய பியானோவில் நடுப் பெடலை இவ்வளவு அக்கறையோடு சொல்லிக்கொடுத்தவர் குறைவு. வீட்டிலிருப்பது அப்ரைட் பியானோ என்றால் நடுப் பெடல் பெரும்பாலும் வேறு வேலை செய்யும், அந்தக் குறிப்பை விட்டுவிடலாம்.

இரண்டாவது, கை எட்டாத கூட்டு ஸ்வரங்களை உடைத்து வாசிக்கலாம். சில இடங்களில் அவரே மாற்று வழி அச்சிட்டிருக்கிறார். தன் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளையே, எந்தக் கருவி கிடைக்கிறதோ அதை வைத்து வாசித்துக்கொள்ளுங்கள், ஸ்வரங்களுக்கு இடையிலான சமநிலை கெடாமல் இருந்தால் போதும் என்று விட்டவர் அவர். பியானோவையே கட்டையில் மட்டும் வாசித்தால் போதாது என்று, 1916-இல் முடித்த 'இன் எ நட்ஷெல்' தொகுப்பில் உள்ளே இருக்கும் கம்பியை மரிம்பா (மரப்பலகைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) குச்சியால் தட்டச் சொன்னவரும் அவர்தான். வாசிக்கும் வழியில் அவர் பிடிவாதக்காரர் இல்லை.

க்ரெசெண்டோன்னு போடாம வேற ஏதோ இங்கிலீஷ்ல போட்டிருக்காரே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இத்தாலியச் சொற்களை வேண்டுமென்றே தள்ளிவிட்டு 'லௌடன் லாட்ஸ்' போல ஆங்கிலத்தில் எழுதினார். சத்தத்தைக் கூட்டு என்று பொருள். வாசிக்கிறவருக்கு இது வசதிதான். ஆனால் லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைத் துரத்திவிட்டு வடஐரோப்பிய வேர்களை மட்டும் வைக்கும் ஆசைக்குப் பின்னால் நல்லதல்லாத ஒரு நம்பிக்கையும் இருந்தது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

அவர் இனவெறியரா? அப்படின்னா பிள்ளைங்களுக்கு ஏன் சொல்லித் தரணும்?

ஆமாம், இருந்தது. நீலக்கண், பொன்முடி கொண்ட நார்டிக் இனமே உயர்ந்தது என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். யூதர்களைப் பற்றி இழிவாக எழுதிய கடிதங்கள் உண்டு. சிறுவயதில் படித்த ஐஸ்லாந்துக் கதைகளும் அம்மாவின் அபிப்பிராயங்களும் இதற்கு விதை போட்டன. வளர்ந்த மனிதர், யோசிக்கத் தெரிந்தவர், அதை விடவில்லை. மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை.

அதே மனிதர்தான் எலிங்டனை வகுப்புக்கு அழைத்தார். யூதரான அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாடல்களை ஆசையாகப் பியானோவுக்கு அமைத்தார். நியூசிலாந்தில் ரரோடோங்கா தீவினர் பாடிய பதிவைக் கேட்டு மயங்கி உட்கார்ந்து எழுதினார். காது ஒரு பக்கம், கொள்கை ஒரு பக்கம். இதைச் சொல்லி அவரை விடுவிக்க முடியாது. பிள்ளைகளுக்கு இசையைச் சொல்லித்தரும்போது, வயது வந்தவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லித்தரலாம் என்பது என் கட்சி.

அம்மாவுக்கும் அவருக்கும் தப்பா பேசுவாங்களே?

வதந்தி இருந்தது, அதுதான் அம்மாவின் உயிரைக் குடித்தது. ரோஸ் மகனின் மேலாளர், காரியதரிசி, விமர்சகர் எல்லாமாக இருந்தார். மகனுக்கு நாற்பதை நெருங்கும் வயதுவரை இருவரும் ஒரே வீட்டில். கணவரிடமிருந்து வந்த நோய் முற்றி உடலும் மனமும் தளர்ந்திருந்த சமயத்தில் இந்தப் பேச்சு காதுக்கு வந்தது. 1922 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஏயோலியன் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து விழுந்து இறந்தார். மகன் அப்போது நாட்டின் மறுகோடியில், மேற்குக் கடற்கரையில் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். அந்த வதந்திக்கு ஆதாரம் இல்லை.

20,000 பேர் முன்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டாராமே?

1928 ஆகஸ்ட் 9, ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கு. கச்சேரியை நடத்திவிட்டு அதே மேடையில் ஸ்வீடனைச் சேர்ந்த எல்லா ஸ்ட்ரோம் என்ற பெண்ணை மணந்தார். கூட்டம் சுமார் 20,000. மணப்பெண்ணுக்காக எழுதிய படைப்பும் அன்றைய நிகழ்ச்சியில் உண்டு. மனைவி எல்லா, கிரெய்ஞ்சர் இறந்த பிறகும் வைட் பிளெய்ன்ஸ் வீட்டைக் காத்துவந்தார்.

மியூசியத்துல சாட்டை இருக்காமே? தன் எலும்புக்கூட்டையும் வைக்கச் சொன்னாராம்?

இரண்டும் உண்மை. மெல்பர்ன் பல்கலைக்கழக வளாகத்தில் தன் கச்சேரி வருமானத்தைப் போட்டுக் கட்டிய கிரெய்ஞ்சர் அருங்காட்சியகம் 1938-இல் திறக்கப்பட்டது. கடிதங்கள், கருவிகள், துண்டுத் துணியில் அவரே வடிவமைத்துத் தைத்த உடைகள், கிரீக், டீலியஸ் தொடர்பான பொருள்கள் எல்லாம் அங்கே. உடலுறவில் வலி கொடுப்பதும் வாங்குவதும் அவருக்குப் பிடித்தவை. அதற்கான சாட்டைகளையும் சேர்த்தே கொடுத்தார். ஒரு படைப்பாளியைப் புரிந்துகொள்ள எதையும் மறைக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கும்படி உயிலில் எழுதியிருந்தார். அது நிறைவேறவில்லை. அடிலெய்டின் வெஸ்ட் டெரஸ் கல்லறையில், அம்மா வழிக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

சிந்தசைசரைக் கண்டுபிடிச்சது அவர்தானா?

இல்லை, ஆனால் அந்தத் திசையில் நடந்தவர். சிறுவனாக மெல்பர்னின் ஆல்பர்ட் பார்க் ஏரியில் அலையைப் பார்த்தபோதே, படிப்படியாக ஏறாமல் வழுக்கிச் செல்லும் ஸ்வரங்கள் கொண்ட இசை மனதில் வந்தது என்பார். தாளக்கட்டும் நிலையான ஸ்வரமும் இல்லாத அதற்கு 'ஃப்ரீ மியூசிக்' என்று பெயர் வைத்தார். முதலில் நால்வர் நரம்பிசைக்கு எழுதினார், பிறகு தெரமின் என்ற மின்னிசைக் கருவிக்கு. கடைசியில் மனிதர் வாசித்தால் சரிவராது என்று, பர்னெட் கிராஸ் என்ற இயற்பியல் ஆசிரியரோடு வீட்டிலேயே இயந்திரங்கள் கட்டினார். காகிதச் சுருள், மரக்கட்டை, பழைய இரும்பு என்று கிடைத்ததையெல்லாம் வைத்துச் செய்தவை. பெரிதாக எதுவும் முடியவில்லை. கன்ட்ரி கார்டன்ஸ் ராயல்டி எங்கே போனது என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

இந்தியாவோட ஏதாவது சம்பந்தம் உண்டா?

கிப்ளிங் வழியாக. 'ஜங்கிள் புக்' பாடல்களைப் பதின்வயதிலிருந்து பல பத்தாண்டுகள் பாடகர் குழுவுக்கு அமைத்துக்கொண்டே இருந்தார். நம் மத்தியப் பிரதேசத்தின் சியோனிக் காட்டு ஓநாய்களின் வேட்டைப்பாட்டும் அதில் உண்டு.

அவர் வாசிச்ச ரெக்கார்டு கிடைக்குமா? பியானோ ரோலை வெச்சு அவர் வாசிப்பை எடை போடலாமா?

நிறையக் கிடைக்கிறது. 1908-இலேயே பதிவு செய்யத் தொடங்கியவர். அமெரிக்காவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்தவை முக்கியமானவை. 1925-இல் பதிவான ஷோபானின் பி மைனர் சொனாட்டாவைத் தேடிக் கேளுங்கள். நெருப்பு. சில இடங்களில் ஸ்வரம் தவறும். நாட்டுப்புறச் சின்னப் பாட்டுக்காரர் என்று அவரை நினைத்திருந்தால் அந்த எண்ணம் அங்கேயே போய்விடும்.

ரோல் விஷயம் வேறு. ஏயோலியன் நிறுவனத்தின் டியோ-ஆர்ட் என்ற தானியங்கிப் பியானோவுக்காக 1915 முதல் துளையிட்ட காகிதச் சுருள்களில் நிறைய வாசித்தார், கிரீக் கான்சர்ட்டோ உட்பட. எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்பதைச் சுருள் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எவ்வளவு அழுத்தம் என்பதைப் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து சேர்த்தார்கள், தவறான ஸ்வரங்களையும் திருத்தினார்கள். அதோடு, இன்று அதை எந்தப் பியானோவில், என்ன வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் ஒலி மாறும். காலக் கணக்கையும் இசைத்தொடர்களைப் பிரிக்கும் விதத்தையும் ரோலில் கேளுங்கள். தொனிக்கும் பெடலுக்கும் தட்டுப் பதிவுகளுக்குப் போங்கள்.

கிரீக் கான்சர்ட்டோவுக்கு இரண்டு நேரடிப் பதிவுகள் உண்டு: 1945-இல் ஹாலிவுட் பௌலில் ஸ்டோகோவ்ஸ்கியோடு, 1957-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில். இரண்டாவதில் அவருக்கு வயது 74, புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனவர், விரல்கள் அங்கங்கே நழுவுகின்றன. மாணவர்களுக்கு முதலில் 1945 பதிவைப் போடுங்கள். கான்சர்ட்டோவை ஏற்கெனவே வாசித்தவர்களுக்கு ஆர்ஹூஸ் பதிவையும், கையில் ஷெர்மர் பிரதியை வைத்துக்கொண்டு.